18,446,744,073,709,551,615: இருபது இலக்க எண்ணைக் கொப்பியும் பேனையும் வைத்துப் பிரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று 64 கட்டமும் இரட்டித்துக்கொண்டே போகும் கதை எல்லோருக்கும் தெரியும். கடைசியில் ராசா தலையில் கைவைப்பார், கதை முடிந்துவிடும். எனக்கு அதற்குப் பிறகுதான் அக்கறை. அந்த மொத்தம் என்ன மாதிரியான எண்? எதனால் வகுபடும், எதனால் வகுபடாது? அதன் முதன்மைக் காரணிகள் எவை?

அக்கரைப்பற்றுப் பக்கம் ரியூசன் வகுப்பொன்றில் இந்தக் கதையைச் சொன்னபோது, வேளாண்மைக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சேர், இவ்வளவு நெல்லையும் ஏழு பேருக்குச் சரிசமமாப் பிரிக்க ஏலுமா?" நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இருபது இலக்கத்தையும் ஏழால் வகுக்கத் தேவையில்லை. அந்த எண் எப்படி உண்டானது என்று தெரிந்தால் போதும். இந்த வழிகாட்டி முழுவதும் நாம் செய்யப்போவது அதுதான். இலக்கங்களோடு மல்லுக்கட்டாமல், எண் பிறந்த வழியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது.

தேவையானவை: ஒரு கொப்பி, ஒரு பேனை, தரம் 10 அளவிலான கணிதம். கல்குலேட்டர் பெரிதாக உதவாது, ஏன் என்று போகப்போகத் தெரியும்.

படி 1: எண்ணை ஒரு வரியில் எழுதுதல்

1 + 2 + 4 + 8 + … என்று எத்தனை கட்டம் கூட்டினாலும், அடுத்த கட்டத்தில் வரவேண்டியதை விட ஒன்று குறைவாகவே கூட்டுத்தொகை இருக்கும். 1 + 2 = 3, அடுத்தது 4. 1 + 2 + 4 = 7, அடுத்தது 8. ஆகவே 64 கட்டத்தின் மொத்தம், 65ஆவது கட்டம் ஒன்று இருந்திருந்தால் அதில் வரும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தது:

2⁶⁴ − 1

அவ்வளவுதான் எண். இருபது இலக்கமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. இனி எங்கே தடுமாறினாலும் இந்த வரிக்குத் திரும்பி வாருங்கள்.

படி 2: எத்தனை இலக்கம் என்று முதலில் பார்த்தல்

பெருக்க இறங்குமுன் விடையின் பருமனை அறிந்துகொள்வது நல்ல பழக்கம். சா.த. (சாதாரண தர) மடக்கை அட்டவணையில் 2இன் மடக்கை 0.3010. அதை 64ஆல் பெருக்கினால் 19.264. முழு எண் பகுதி 19, ஆகவே விடைக்கு 20 இலக்கம்.

முரண்மடக்கை பார்த்தால் 0.264க்கு 1.837 வரும். உண்மையான விடையோ 1.845 அளவில் தொடங்குகிறது. அட்டவணையில் பிழையா? இல்லை. 2இன் மடக்கை 0.30103, நாம் கடைசியில் விட்ட 0.00003ஐ 64 தடவை பெருக்கிவிட்டோம். சின்ன வழு பெரிய சுட்டியால் பெருகும்போது மூன்றாவது இலக்கமே ஆட்டம் காண்கிறது. பருமனை அறிய மடக்கை போதும், எண்ணை அறியப் போதாது.

படி 3: கையால் பெருக்கி எண்ணைப் பெறுதல்

இரண்டை 64 தடவை பெருக்க வேண்டாம். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன்பு அல்-பிரூனி என்ற அறிஞர் இதே கணக்கைச் செய்தபோது பிடித்த குறுக்குவழி இது: 16ஐ எடுத்து நான்கு தடவை வர்க்கப்படுத்துங்கள். 16 என்பது 2⁴. ஒவ்வொரு வர்க்கத்திலும் சுட்டி இரட்டிக்கும்: 4, 8, 16, 32, 64.

16² = 256
256² = 65,536
65,536² = 4,294,967,296

நான்காவது வர்க்கம்தான் கொஞ்சம் வியர்க்க வைக்கும். 4,294,967,296ஐ இரண்டாக வெட்டுங்கள்: முன்பாதி 42,949, பின்பாதி 67,296. பின்பாதிக்கு ஐந்து இலக்கம் இருப்பதால் முன்பாதியின் மதிப்பு 42,949 × 10⁵. இனி (அ + ஆ)² = அ² + 2அஆ + ஆ² என்ற பழைய சூத்திரம்தான்.

42,949² = (43,000 − 51)² = 1,844,616,601
2 × 42,949 × 67,296 = 5,780,591,808
67,296² = (67,300 − 4)² = 4,528,751,616

முதலாவதற்குப் பின்னால் பத்துப் பூச்சியம், இரண்டாவதற்கு ஐந்து பூச்சியம், மூன்றாவது அப்படியே. இலக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக எழுதிக் கூட்டினால்:

18,446,744,073,709,551,616

ஒன்றைக் கழித்தால் நம் எண். கட்டம் போட்ட கொப்பியில் எழுதுவது நல்லது, கோடு போட்ட கொப்பியில் பூச்சியங்கள் நழுவிவிடும்.

வாசிப்பது எப்படி என்றும் ஒரு வார்த்தை. மில்லியன், பில்லியன் என்று போனால் 18 குவின்டில்லியனில் போய் முட்டும், அந்தப் பெயரை ஒருவரும் பாவிப்பதில்லை. நம் வழக்கில் வாசிக்கலாம்: 1,84,467 கோடி கோடி, 44,07,370 கோடி, 95,51,615. கோடியை இரண்டு தடவை சொன்னால் வேலை முடிந்தது.

படி 4: பெருக்கல் சரியா என்று சோதித்தல்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டவே கூடாது.

முதலில் கடைசி இலக்கம். 2இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்ற ஒழுங்கில் முடிந்து முடிந்து சுற்றும். 64 என்பது 4இன் மடங்கு, ஆகவே 2⁶⁴ 6இல் முடிய வேண்டும். முடிகிறது.

இரண்டாவது, இலக்கச் சுட்டி. 4,294,967,296இன் இலக்கங்களைக் கூட்டினால் 58, பிறகு 13, பிறகு 4. அதை வர்க்கப்படுத்தினால் 16, அதாவது 7. நம் விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 88, பிறகு 16, பிறகு 7. பொருந்துகிறது.

ஆனால் இலக்கச் சுட்டிக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. இரண்டு இலக்கம் இடம் மாறி எழுதப்பட்டிருந்தால் அது கண்டுபிடிக்காது, கூட்டுத்தொகை மாறாதே. அடுத்தடுத்த இலக்கம் மாறியிருந்தால் 11இன் சோதனை பிடித்துவிடும். வலப்பக்கத்திலிருந்து ஒரு கூட்டல், ஒரு கழித்தல் என்று மாற்றி மாற்றிப் போங்கள். 4,294,967,296க்கு −18 வரும், 11ஆல் வகுத்த மீதி 4. வர்க்கம் 16, மீதி 5. நம் விடைக்கு அதே முறையில் 38 வரும், மீதி 5. இரண்டு சோதனையும் தேறினால் நிம்மதியாக மேலே போகலாம்.

கணினி வைத்திருப்பவர்கள் எக்செலில் சரிபார்க்கப் போவார்கள். அது 15 இலக்கத்துக்கு மேல் வைத்திருக்காது. 18446744073709600000 என்று கடைசி ஐந்து இலக்கத்தையும் பூச்சியமாக்கிக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும், ஓர் எச்சரிக்கைகூட வராது. இந்த விசயத்தில் உங்கள் கொப்பிதான் நம்பகமானது.

இடையில்: இவ்வளவு நெல் என்றால் எவ்வளவு?

சம்பா நெல் சிறியது, 'நாடு' என்ற நெல்லினம் கொஞ்சம் பெரியது. பொதுவாக ஆயிரம் மணி 25 கிராம் என்று வைப்போம். அப்படியானால் ஒரு கிலோவில் 40,000 மணி. நம் எண்ணை அதனால் வகுத்தால் ஏறக்குறைய 46,117 கோடி தொன். இலங்கை முழுவதும் பெரும்போகமும் சிறுபோகமும் சேர்த்து ஆண்டுக்கு 45 இலட்சம் தொன் நெல் விளைகிறது என்று எடுத்தால், இதை விளைவிக்க ஓர் இலட்சம் ஆண்டுக்கு மேல் வேண்டும்.

கொட்டி வைக்க இடம்? ஒரு கனமீற்றரில் 575 கிலோ நெல் கொள்ளும் என்று வைத்தால் மொத்தக் கனவளவு 800 கனகிலோமீற்றரைத் தாண்டும். மட்டக்களப்பு மாவட்டம் 2,854 சதுர கிலோமீற்றர், அம்பாறை 4,415. வெருகலிலிருந்து கூமுனை வரை இரண்டு மாவட்டத்தையும் ஒரே களவெட்டியாக்கி, வாவி, வட்டை, காடு, ஊர் எல்லாவற்றின் மேலும் சமமாகப் பரப்பினால் நெல் 110 மீற்றர் உயரத்துக்கு நிற்கும். குடும்பிமலை மாதிரிச் சில மலைகள் மட்டும் தலையைக் காட்டும்.

சரி, இனி எண்ணுக்குள் போவோம்.

படி 5: சின்ன எண்களால் வகுபடுமா?

5இல் முடிவதால் 5ஆல் வகுபடும், 2ஆல் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 87, ஆகவே 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. இதெல்லாம் தரம் 7 கணக்கு.

7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் பார்க்க ஒரு வழி உண்டு. 7 × 11 × 13 = 1001. எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள்:

615 − 551 + 709 − 73 + 744 − 446 + 18 = 1016

இந்தச் சின்ன எண்ணின் மீதிதான் பெரிய எண்ணின் மீதியும். 1016ஐ 7ஆல் வகுத்தால் மீதி 1, 11ஆல் வகுத்தால் 4, 13ஆல் வகுத்தால் 2. ஆக ஏழு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஒரேயொரு மணி மிஞ்சும். அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை இதுதான்.

ஆனால் இலக்கமே பார்க்காமலும் இதைச் சொல்லலாம். 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு தடவையும் 7ஆல் வகுத்த மீதியை மட்டும் எழுதுங்கள்: 2, 4, 1, 2, 4, 1… மூன்றுக்கு ஒருமுறை சுற்று முடிகிறது. 64ஐ 3ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே 2⁶⁴இன் மீதி சுற்றின் முதல் எண்ணான 2. ஒன்றைக் கழித்தால் 1. முடிந்தது. இந்தச் "சுற்று" என்ற எண்ணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், எல்லாக் கதவையும் இதுவே திறக்கப்போகிறது.

படி 6: ஒரே சூத்திரத்தை ஆறு தடவை பாவித்தல்

இரு வர்க்கங்களின் வித்தியாசம், அ² − 1 = (அ − 1)(அ + 1), பள்ளிக்கூடத்தில் மனனம் செய்து பரீட்சையோடு மறந்துபோகும் சூத்திரம். 2⁶⁴ என்பது 2³²இன் வர்க்கம். ஆகவே,

2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1)

இடப்பக்க அடைப்பிலும் அதே உருவம் இருக்கிறது. அதையும் பிரியுங்கள். பிறகு அதற்குள் இருப்பதையும். ஆறாவது தடவையில் 2 − 1, அதாவது வெறும் 1, வந்து நிற்கும். கையில் மிஞ்சுபவை:

(2 + 1)(2² + 1)(2⁴ + 1)(2⁸ + 1)(2¹⁶ + 1)(2³² + 1)

எண்ணாக எழுதினால்:

3 × 5 × 17 × 257 × 65,537 × 4,294,967,297

இருபது இலக்க எண் இரண்டு நிமிடத்தில் ஆறு துண்டாகிவிட்டது, ஒரு நீள் வகுத்தல்கூடச் செய்யவில்லை. மொத்த வேலையில் பாதி இந்த ஒரு படியிலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி, இந்தத் துண்டுகள் இன்னும் உடையுமா என்று பார்ப்பது.

3, 5, 17 முதன்மை எண்கள் என்பது பார்த்ததும் தெரியும். 257க்கு 16 வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், ஒன்றாலும் வகுபடாது. 65,537க்கு 256 வரை போக வேண்டும், அதுவே ஐம்பதுக்கு மேற்பட்ட வகுத்தல். 4,294,967,297க்கு 65,536 வரை. அதைக் கையால் செய்ய ஒருவருக்கும் பொறுமை இருக்காது.

படி 7: பெர்மாவின் ஊகமும் ஒயிலர் உடைத்த விதமும்

இந்த ஆறு துண்டுகளும் பிரபலமானவை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் டி பெர்மா 1640இல் இந்த வரிசையைப் பார்த்தார். 3, 5, 17, 257, 65537 எல்லாம் முதன்மை எண்கள். இதே உருவத்தில் அடுத்தடுத்து வருபவையும் முதன்மை எண்களாகவே இருக்கும் என்று ஊகித்தார். 92 ஆண்டுகள் கழித்து, 1732இல், ஒயிலர் என்ற கணிதவியலாளர் ஆறாவது எண்ணை உடைத்து அந்த ஊகத்தைப் பொய்யாக்கினார்: 4,294,967,297 என்பது 641ஆல் வகுபடும்.

எப்படி 641ஐக் கண்டுபிடித்தார்? ஒவ்வொரு முதன்மை எண்ணாக வகுத்துக்கொண்டு போகவில்லை. இங்கேதான் "சுற்று" வேலை செய்கிறது.

ப என்ற ஒரு முதன்மை எண் 2³² + 1ஐ வகுக்கிறது என்று வைப்போம். இரட்டித்து இரட்டித்து, ப-ஆல் வகுத்த மீதிகளை எழுதுங்கள். 32ஆவது இடத்தில் மீதி −1 (அதாவது ப − 1). அதை வர்க்கப்படுத்தினால் 64ஆவது இடத்தில் மீதி 1. ஆகவே சுற்றின் நீளம் 64ஐ வகுக்கும் ஓர் எண். அது 32 அல்லது அதற்குக் குறைவு என்றால் 32ஆவது இடத்திலேயே 1 வந்திருக்க வேண்டும், ஆனால் அங்கே −1 இருக்கிறது. எனவே சுற்றின் நீளம் சரியாக 64.

இன்னொரு பக்கம், ப ஓர் ஒற்றை முதன்மை எண்ணானால் ப − 1 தடவை இரட்டித்ததும் மீதி 1க்குத் திரும்பிவிடும். இதுவும் பெர்மா 1640இல் சொன்னதுதான். சுற்று 64 நீளம், ப − 1 ஆவது இடத்தில் ஒரு சுற்று முடிகிறது, ஆகவே ப − 1 என்பது 64இன் மடங்கு. பெர்மாவின் ஒரு தேற்றமே அவருடைய இன்னொரு ஊகத்தைக் கவிழ்க்க வழிகாட்டியது. அவரே உட்கார்ந்து இதைச் செய்து பார்த்திருக்கலாம், ஏன் செய்யவில்லை என்று எனக்கு இன்றும் வியப்பு.

இப்போது தேட வேண்டியவை 64க + 1 என்ற உருவத்தில் உள்ளவை மட்டும் (க என்பது ஏதோ ஒரு முழு எண்):

65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641…

இதில் 3ஆலோ 5ஆலோ வகுபடுபவற்றை வெட்டினால் 193, 257, 449, 577, 641 ஐந்தும் மிஞ்சும். ஆயிரக்கணக்கான வகுத்தல்கள் ஐந்தாகக் குறைந்துவிட்டன!

இந்த ஐந்தையும் சோதிக்கப் பத்து இலக்க எண்ணை வகுக்கவும் தேவையில்லை. 65,536ஐ (2¹⁶) வகுத்து மீதியை எடுங்கள், அந்த மீதியை வர்க்கப்படுத்துங்கள், மறுபடி வகுத்து மீதி எடுங்கள், ஒன்றைக் கூட்டுங்கள். பூச்சியம் வந்தால் வகுபடும்.

193: 65,536இன் மீதி 109. 109² = 11,881, மீதி 108. ஒன்று கூட்டினால் 109. வகுபடாது.
257: 2⁸இன் மீதியே −1. ஆகவே 2¹⁶இன் மீதி 1, 2³²இன் மீதியும் 1, ஒன்று கூட்டினால் 2. வகுபடாது.
449: 65,536இன் மீதி 431, அதாவது −18. வர்க்கம் 324. ஒன்று கூட்டினால் 325. வகுபடாது.
577: மீதி 335. 335² = 112,225, மீதி 287. ஒன்று கூட்டினால் 288. வகுபடாது.
641: மீதி 154. 154² = 23,716. ஒன்று கூட்டினால் 23,717. அது 641 × 37. வகுபடுகிறது.

449க்குச் செய்தது போல, மீதி பெரிதாக இருந்தால் எதிர்மறையாக எழுதிக்கொள்ளுங்கள். 431ஐ வர்க்கப்படுத்துவதை விட 18ஐ வர்க்கப்படுத்துவது எவ்வளவோ இலகு.

641 வகுக்கும் என்று தெரிந்த பிறகு அதை இன்னும் அழகாக நிறுவலாம். 641 = 5 × 2⁷ + 1. அதே 641 = 5⁴ + 2⁴ (625 + 16). முதலாவதிலிருந்து, 5 × 2⁷இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாவதிலிருந்து, 5⁴இன் மீதி −2⁴. அதைப் பிரதியிட்டால் −2³²இன் மீதி 1. ஆகவே 2³² + 1இன் மீதி பூச்சியம். வகுத்தலே இல்லாத நிறுவல். இதை முதல் தடவை கரும்பலகையில் எழுதும்போது வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும். அப்புறம் பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வரும்: "சேர், இது பரீட்சைக்கு வருமா?" வராது.

வகுத்தால் கிடைப்பது:

4,294,967,297 = 641 × 6,700,417

படி 8: கடைசித் துண்டு முதன்மை எண்ணா?

6,700,417 இன்னும் உடையுமா என்று பார்க்க வேண்டும். அதன் வர்க்கமூலம் 2,588க்கும் 2,589க்கும் இடையில். அதற்குக் கீழே ஏறக்குறைய 370 முதன்மை எண்கள் உண்டு. ஆனால் 6,700,417ஐ வகுக்கும் எதுவும் 2³² + 1ஐயும் வகுக்குமே, ஆகவே அதே கட்டுப்பாடு இங்கும் செல்லும். ஒயிலருக்குப் பிறகு லூக்காஸ் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தக் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கி, 64இன் இடத்தில் 128ஐ வைக்கலாம் என்று நிறுவினார். அதன் நிறுவல் இந்த வழிகாட்டிக்கு மேற்பட்டது, முடிவை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

128க + 1 உருவத்தில் 2,588 வரை இருப்பவை இருபது எண்கள். சேர்த்தி எண்களை (முதன்மை அல்லாதவற்றை) வெட்டினால் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. வெட்டும்போது 1537 (29 × 53), 1793 (11 × 163), 1921 (17 × 113), 2561 (13 × 197) ஆகியவற்றில் கவனம், பார்வைக்கு முதன்மை எண் போலவே இருக்கும்.

6,700,417ஐ இந்த ஐந்தாலும் வகுத்தால் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றும் பூச்சியமில்லை. ஆகவே 6,700,417 ஒரு முதன்மை எண்.

65,537க்கும் இதே வழி. அதன் காரணிகள் 64க + 1 உருவத்தில் இருக்க வேண்டும், 256க்குள் அப்படியான முதன்மை எண் 193 மட்டும். 193 × 339 = 65,427, மீதி 110. ஒரேயொரு வகுத்தலோடு அதுவும் முதன்மை எண் என்று முடிந்தது.

முழு விடை:

18,446,744,073,709,551,615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 6,700,417

படி 9: காரணிகளை எண்ணுதல், சமமாகப் பிரித்தல்

ஏழு முதன்மைக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை. ஒரு காரணியை உண்டாக்கும்போது ஒவ்வொரு முதன்மை எண்ணையும் சேர்க்கலாம் அல்லது விடலாம், ஏழுக்கும் இரண்டு தெரிவு. ஆகவே 2⁷ = 128 காரணிகள். நூறு பேருக்குள் இந்த நெல்லை மிச்சமின்றிப் பிரிக்கக்கூடிய ஆட்கணக்கு 1, 3, 5, 15, 17, 51, 85 மட்டும். இரண்டு பேருக்குக்கூடப் பிரிக்க ஏலாது, எண் ஒற்றை.

நிறைவர்க்க எண்ணாக இருக்கவும் வழியில்லை, ஏனென்றால் எந்தக் காரணியும் இரண்டு தடவை வரவில்லை.

மூன்று கட்டம் முன்னதாகவே நிறுத்தியிருந்தால் கதை வேறு. 61 கட்டம் வரை கூட்டினால் 2⁶¹ − 1 = 2,305,843,009,213,693,951. அது முதன்மை எண். 1883இல் பெர்வூஷின் என்ற ரசியப் பாதிரியார் அதை நிறுவினார். அந்த நெல்லை எத்தனை போடியார்மார் கூடியிருந்தும் சரிசமமாகப் பங்குவைக்க முடியாது. நம் ஆறு தடவைச் சூத்திரம் அங்கே செல்லாததற்குக் காரணம் சுட்டி: 64ஐ இரண்டால் பாதியாக்கிக்கொண்டே போகலாம், 61 ஒரு முதன்மை எண்.

படி 10: இதே எண் வேறு இடங்களில்

துவிதத்தில் எழுதினால் 64 ஒன்றுகள், நடுவில் ஒரு பூச்சியம்கூட இல்லை. அதனால்தான் 64 பிட் கணினியொன்று ஒரே இடத்தில் வைத்திருக்கக்கூடிய மிகப்பெரிய முழு எண் இது (குறி இல்லாத எண்களில்). அதோடு ஒன்றைக் கூட்டினால் வாகனத்தின் கிலோமீற்றர்மானி போல எல்லாம் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும்.

கேத்திரகணிதத்திலும் இதன் துண்டுகள் வருகின்றன. கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் வைத்து ஒழுங்கான முக்கோணி, ஐங்கோணி வரைவது வகுப்பில் செய்ததுதான். ஒழுங்கான 17 பக்கப் பல்கோணியையும் அப்படி வரையலாம் என்று கணிதவியலாளர் காவுஸ் 1796இல் கண்டபோது அவருக்கு வயது 18. 257, 65537 பக்கங்களும் முடியும். இந்த ஐந்தின் பெருக்கம் 4,294,967,295, அதாவது நம் எண்ணின் முதல் அடைப்பு, 2³² − 1. கவராயத்தால் வரையக்கூடிய ஒற்றைப் பக்கப் பல்கோணிகளில் இன்றுவரை தெரிந்தவற்றில் மிகப் பெரியதன் பக்கங்கள் இவ்வளவு. இதைவிடப் பெரிது வேண்டுமானால் பெர்மாவின் வரிசையில் இன்னொரு முதன்மை எண் கிடைக்க வேண்டும். ஒன்றும் கிடைக்கவில்லை. 2³² + 1இலிருந்து அடுத்தடுத்த இருபத்தெட்டு எண்களும் சேர்த்தி எண்கள் என்று காட்டப்பட்டுவிட்டது.

அவற்றில் இரண்டாவது நம் எண்ணின் அயல்வீடு, 2⁶⁴ + 1. அதன் முதன்மைக் காரணிகள் 274,177உம் 67,280,421,310,721உம். 1880இல் இதைப் பிரித்த லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் அப்போது எண்பது வயதைத் தாண்டியவர். வேண்டுமானால் 274,177ஐ வைத்துப் படி 7இன் மீதி முறையைச் செய்து பாருங்கள், ஒரு வர்க்கப்படுத்தல் கூடுதல், அவ்வளவுதான்.

நீங்களே செய்து பார்க்க

48 கட்டத்தோடு நிறுத்தினால் மொத்தம் 2⁴⁸ − 1 = 281,474,976,710,655. இதை முழுதாகப் பிரியுங்கள். வர்க்க வித்தியாசம் நான்கு தடவை செல்லும், பிறகு 2³ − 1 என்ற 7இல் வந்து நின்றுவிடும். வழியில் சிக்கல் தருவது 2²⁴ + 1. அதை 2⁸இன் கனமும் ஒன்றும் என்று பார்த்து, அ³ + 1 = (அ + 1)(அ² − அ + 1) என்பதைப் பாவித்தால் 257 × 65,281 ஆகும். 65,281 இன்னும் உடையும்.

விடை சரிபார்க்க: 3² × 5 × 7 × 13 × 17 × 97 × 241 × 257 × 673. மொத்தக் காரணிகள் 768. 3 இரண்டு தடவை வருவதால் அதற்கு மூன்று தெரிவு என்பதை மறந்தால் 512 என்று வரும்.